முடிச்சை எப்போது அவிழ்ப்பது?

அந்தப் பையன் ஸ்கார்ஃப் நுனியில் இருந்த முடிச்சை எப்போது அவிழ்த்தான் என்பதுதான் விஷயம். என் காய்கறிப் பையை மேடு ஏற்றிக் கொண்டுவந்து வாசலில் வைத்தபோது அவிழ்க்கவில்லை. நான் கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடியபிறகுதான் அவிழ்த்தான்.

போன மழைக்காலத்தில் நடந்தது. அந்தமானில், போர்ட் பிளேரின் குட்வில் எஸ்டேட்டில் எங்கள் வீட்டுக்கு வரும் கடைசி ஏற்றத்தில் எனக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கும். பள்ளியிலிருந்து ஸ்கௌட் உடுப்போடு வந்துகொண்டிருந்த கீழ்வீட்டுப் பையன், "குடுங்க தாத்தா, நான் தூக்கிட்டு வரேன்" என்றான். கொடுத்தேன். வாசலில் பையை இறக்கிவிட்டு முதுகுப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தான். "இதுல ஒரு சைன் வேணும் தாத்தா." தேதி, செய்த உதவி, கையெழுத்து என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட பக்கம். என் கண்முன்னாலேயே 'புஸுர்க் கீ மதத்' என்று இந்தியில் எழுதினான். முதியவருக்கு உதவி. யாரந்த முதியவர் என்று ஒரு கணம் திரும்பிப் பார்க்கத் தோன்றியது. கையெழுத்துப் போட்டேன். பையன் நோட்டை மூடினான், முடிச்சை அவிழ்த்தான், நுனியைத் தொடையில் வைத்து நீவிவிட்டான், போய்விட்டான்.

இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? மனைவி அதைத்தான் கேட்டாள். "புள்ள தூக்கிட்டு வந்துச்சுல்ல? அப்புறம் என்ன?" ஒன்றுமில்லைதான். ஆனால் ராத்திரி படுத்தால் அந்த விரல்கள் வந்து நிற்கின்றன. பை இறங்கியது, முடிச்சு அப்படியே இருந்தது. பேனா மூடியது, முடிச்சு அவிழ்ந்தது.

முடிச்சின் கதை ஸ்கௌட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஒரு நாளைக்கு ஒரு நல்ல காரியமாவது செய்ய வேண்டும். மறக்காமல் இருக்கக் கழுத்துத் துணியில் ஒரு முடிச்சு. காரியம் முடிந்ததும் அவிழ்த்துவிடலாம். இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1908இல் எழுதிய புத்தகத்திலேயே இது இருக்கிறது. சாரணச் சின்னத்தின் கீழே தொங்கும் சிறு கயிற்று முடிச்சுக்கும் இதே அர்த்தம்தான். அது மற்றவர்களுக்குக் காட்டுவதற்கு அல்ல, நமக்கு நாமே வைத்துக்கொள்ளும் ஞாபகக்குறி. எங்கள் ஸ்கௌட் சார் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்.

சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் முடிந்ததும் மைதானம். இந்தத் தீவில் டிசம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் விழுந்துவிடும். கடிகாரம் தில்லிக்கு, வெளிச்சம் எங்களுக்கு. அதனால் எல்லாமே அவசரம்தான். மூங்கில் கம்பு, கயிறு, விசில். இடது மேல் வலது, வலது மேல் இடது என்று போட்டால் ரீஃப் நாட். தவறி ஒரே பக்கமாகவே இரண்டு தடவை போட்டுவிட்டால் கிழவி முடிச்சு. இழுத்தால் நழுவும். சார் எங்களிடம் எந்த நோட்டும் கேட்டதில்லை. மாலையில் வரிசையாக நிற்கவைத்துக் கழுத்தைப் பார்ப்பார். முடிச்சு அவிழாமல் இருப்பவர்கள்தான் அன்றைக்குக் கொடிக்கம்பத்தைப் பிடுங்கிச் சுமந்துபோய் ஸ்டோர் ரூமில் வைக்க வேண்டும். வைத்துவிட்டு வந்தால், "சரி, இப்ப அவுத்துக்கோ" என்பார். என்ன செய்தாய், யாருக்குச் செய்தாய் என்ற விசாரணையே கிடையாது. எங்களில் சிலர் பள்ளிக்கு வரும் வழியிலேயே அவிழ்த்துவிட்டு வந்தார்கள் என்று இப்போது நினைக்கும்போது தோன்றுகிறது. சாருக்கும் தெரிந்திருக்கும்.

எங்கள் காலத்தில் எல்லாம் மனசாட்சி, இந்தக் காலத்தில் எல்லாம் கையெழுத்து. இப்படி ஒரு வாக்கியம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வந்தவுடனேயே எனக்கு அதன்மேல் சந்தேகமும் வந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய எவருக்கும் இந்த வாக்கியம் இலவசமாகக் கிடைக்கிறது.

விசாரித்தேன். பாரத் ஸ்கௌட்ஸ் அண்ட் கைட்ஸின் முதல் படியான 'பிரவேஷ்' நிலையிலேயே, வீட்டில் தினமும் ஒரு நற்செயல் செய்து ஒரு மாதமாவது டைரி எழுத வேண்டும் என்று பாடத்திட்டம் இருக்கிறது. ஆக, எழுதுவது பையன் கண்டுபிடித்த தந்திரம் அல்ல. அதற்குமேல் சோபான் என்னும் படிகள், ராஜ்ய புரஸ்கார், ராஷ்டிரபதி விருது. கேரளத்தில் இதற்குப் பத்தாம் வகுப்பில் கிரேஸ் மார்க் உண்டு. ரயில்வேயில் ஸ்கௌட் கோட்டாவில் வேலையே உண்டு. சான்றிதழுக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் அரிசி இருக்கிறது. தீவில் வேலை எவ்வளவு அருமை என்பதை அறிந்தவன், பையனின் நோட்டைப் பார்த்துச் சிரிக்கமாட்டான். நானும் சிரிக்கவில்லை. ஆனால் முடிச்சு?

பை இறங்கியபோது பையனின் இரண்டு கைகளும் காலியாகத்தான் இருந்தன. பையை வைத்த கையால் அவிழ்த்திருக்கலாம்.

இதுபோன்ற ஒரு கேள்வியைச் சிறுவயதில் படித்த நினைவு. அப்போது புத்தகம் என்பது எங்களுக்குக் கப்பலோடு வருவது. சென்னையிலிருந்து மூன்று நாள் கடல். 'கப்பல் வந்தாச்சா?' என்று ஹாடோ துறைமுகப் பக்கமிருந்து வருபவர்களைக் கேட்போம். அபர்தீன் பஜாரில் மணிக்கூண்டுக்குப் பக்கத்துக் கடையில் கட்டு பிரியும்வரை நிற்போம். அம்புலிமாமா பல சமயம் ஒரு மாதம் பழசாகத்தான் கைக்கு வரும். எங்களுக்கு அதுதான் புதுசு. ஓவியர் சங்கர் வரைந்த விக்கிரமன் வாளை உருவியபடி, தோளில் பிணத்தோடு நடந்துகொண்டிருப்பான். ஒரு கதை பாதி நினைவிருக்கிறது. இரண்டு பேர் தானம் செய்கிறார்கள். ஒருவன் ஊரறிய, ஒருவன் இருட்டில். இருவரில் யார் பெரியவன் என்று வேதாளம் கேட்கிறது. விக்கிரமன் ஏதோ பதில் சொன்னான், வேதாளமும் முருங்கை மரம் ஏறிவிட்டது. பதில் என்ன என்பதுதான் நினைவில்லை. ஒருவேளை வேறெங்கோ படித்ததை அம்புலிமாமா கணக்கில் எழுதிக்கொண்டிருக்கிறேனோ என்னவோ.

நினைவு இப்படித்தான். சார் எங்களுக்கு 'கிம்' விளையாட்டு வைப்பார். தட்டில் சாவி, பொத்தான், தீப்பெட்டி, சோழி, அணா என்று இருபது இருபத்தைந்து சாமான்கள். ஒரு நிமிடம் பார்க்கலாம், பிறகு துண்டால் மூடிவிடுவார். நினைவிருப்பதை எழுத வேண்டும். கிப்ளிங் 1901இல் எழுதிய 'கிம்' நாவலில் சிம்லா நகைக்கடைக்காரர் ஒற்றனாகப்போகிற பையனுக்குத் தரும் பயிற்சி அது. பேடன் பவல் எடுத்துக்கொண்டார். நான் ஓரளவு தேறுவேன். ஆனால் தட்டில் இல்லாத சாமான் ஒன்றையும் எப்போதும் சேர்த்து எழுதிவிடுவேன், அதுவும் முழு நிச்சயத்தோடு. "இல்லாத பேனாக்கத்தியை எங்கடா பார்த்தே?" என்று சார் கேட்பார். பார்த்தேன் சார் என்பேன். இன்றைக்கும் அது என் கண்ணுக்குத் தெரிகிறது.

அந்தச் சாரும் அப்படி ஒரு பேனாக்கத்தியாக இருக்கலாமோ? நோட்டே கேட்காத சார், அவிழாத முடிச்சுக்கும் வழிசெய்கிற சார். நான் தட்டில் சேர்த்துக்கொண்ட பொருளாக?

சாரண இயக்கத்துக்கே இந்த நோய் இருக்கிறது. அமெரிக்க சாரணர் சங்கம் தோன்றிய கதையைச் சார் பலமுறை சொன்னார். 1909இல் லண்டனுக்குப் போன பாய்ஸ் என்ற பதிப்பாளர் வழி தெரியாமல் நின்றாராம், கடும் பனிமூட்டம். ஒரு சிறுவன் வழிகாட்டினான். காசு கொடுத்தபோது, 'நான் சாரணன், வாங்கமாட்டேன்' என்று மறுத்துவிட்டுப் பெயரும் சொல்லாமல் போனான். அந்த வியப்பில் பாய்ஸ் 1910 பிப்ரவரியில் தன் நாட்டில் இயக்கத்தைத் தொடங்கினார். பெயர் தெரியாத அந்தச் சாரணனுக்காக அமெரிக்கர்கள் 1926இல் அனுப்பிய காட்டெருமைச் சிலை இங்கிலாந்தின் கில்வெல் பூங்காவில் நிற்கிறது. கையெழுத்து வாங்காத பையன் என்றால் அவன்தான். ஆனால் பனிமூட்டம் கதைக்குள் பிற்பாடு வந்து சேர்ந்தது என்கிறார்கள் தேடிப்பார்த்தவர்கள். பனியில்லாமலும் உதவி உதவிதான். ஆனாலும் நமக்குப் பனி வேண்டியிருக்கிறது.

இன்னொன்றைச் சார் சொன்னதே இல்லை. 1909இல் இந்தியாவில் சாரணப்படை தொடங்கியபோது அது வெள்ளையர், ஆங்கிலோ-இந்தியர் பிள்ளைகளுக்குத்தான். நம் பிள்ளைகளுக்கு இடமில்லை. அதனால்தான் 1916இல் சென்னையில் அன்னி பெசன்ட், அருண்டேலுடன் சேர்ந்து தனியாக ஒரு சாரணர் சங்கம் தொடங்க வேண்டியிருந்தது. வடக்கே மாளவியாவும் குன்ஸ்ருவும் சேவா சமிதி சாரணர்களைத் திரட்டினார்கள். எல்லாம் ஒன்றாகி பாரத் ஸ்கௌட்ஸ் அண்ட் கைட்ஸ் ஆனது 1950 நவம்பர் 7 அன்று. சாரணன் எல்லாருக்கும் நண்பன் என்று சொல்லிக்கொண்டே கதவைச் சாத்தி வைத்திருந்த காலமும் ஒன்று இருந்தது. எந்தக் காலத்தைப் பார்த்து ஏங்குவது?

ஏக்கத்துக்கு உண்மையான காரணம் உள்ள இடம் ஒன்று எனக்குத் தெரியும். சிப்பிகாட். படையோடு ஒரு ராத்திரி கூடாரம் போட்ட வயல்வெளி. அடுப்பு எரியாமல் புகை மட்டும் வந்தது, அரைவேக்காட்டுக் கிச்சடியைத் தின்றோம், அட்டை கடித்தது. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமானில் தரை ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட் வயலுக்குள் கடல்நீர் வந்தது, திரும்பிப் போகவில்லை. பட்ட மரங்கள் உப்புநீரில் பல வருடம் நின்றன. வண்டூர் பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஜன்னல் பக்கம் பார்ப்பேன். அங்கே நான் இழந்தது பேனாக்கத்தி இல்லை. நிலம் நிஜமாகவே போய்விட்டது.

பள்ளியை அப்படிச் சொல்ல முடியாது. பள்ளி அங்கேயே இருக்கிறது. மைதானத்தில் வெள்ளிக்கிழமை விசில் கேட்கிறது. ஊர் பெயர்தான் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. எங்கள் வாயில் இன்னும் போர்ட் பிளேர்தான்.

மறுபடியும் அந்த விரல்கள். பை இறங்கியபோது பையன் அவிழ்க்காததற்கு வேறு காரணமும் இருக்கலாம். 'செய்தேன்' என்று தானே முடிவுகட்டுவதைவிட, 'ஆமாம், செய்தாய்' என்று வாங்கிக்கொண்டவர் சொல்வதில்தான் காரியம் முடிகிறது என்று நினைத்தானோ? அப்படியானால் என்னைவிட நேர்மையானவன். வழியிலேயே அவிழ்த்துவிட்டு வந்த எங்கள் கூட்டத்தை நினைத்தால் அந்த நோட்டு அவ்வளவு மோசமில்லை. இல்லை, வெறும் பழக்கமாகவும் இருக்கலாம். கோடு போட்ட கட்டத்தை நிரப்பியபின் அவிழ்ப்பது. இரண்டில் எது என்று அவனிடமே கேட்டுவிடலாம், கீழ்வீடுதான். கேட்கத் தோன்றவில்லை. பதினோரு வயதுப் பிள்ளையிடம் உன் மனசாட்சி எங்கே இருக்கிறது என்று கேட்டால் என்ன சொல்லும்?

போன வாரம் அவன் அம்மா வந்திருந்தார். "அண்ணா, சின்னவளையும் கைட்ஸில சேக்கலாமா? படிப்பு கெட்டுப்போகுமோ?" என்று கேட்டார். "சேத்துவிடுங்கம்மா" என்றேன். அதனால் என்ன நன்மை என்று அடுத்த கேள்வி கேட்டிருந்தால் முழித்திருப்பேன். நல்லவர்களாக ஆவார்களா, ஆவது போல நோட்டில் எழுதுவார்களா என்று எனக்குத் தெரியாது. எங்களை வைத்தும் அதற்குப் பதில் சொல்ல முடியாது. உங்கள் வீட்டிலும் அந்த வயதில் ஒரு பிள்ளை இருந்தால் சேர்த்துவிடுங்கள். நோட்டை நீட்டினால் கையெழுத்தும் போடுங்கள்.