குறியும் நெறியும்

பகைவர்களுக்கிடையே விதி வேண்டும் என்பதை எவரும் ஒப்புக்கொள்வர். நண்பர்களுக்கிடையே விதி எதற்கு என்று கேட்போர் பலர். "நமக்குள் என்ன கணக்கு?" என்னும் சொல் நம் நாட்டில் அன்பின் மொழியாகவே வழங்கி வருகிறது. ஆயினும் அந்தச் சொல்லோடு தொடங்கிய கூட்டு வாணிபங்கள் பல எங்கே போய் முடிந்தன என்பதையும் நாம் அறிவோம். கணக்கு எழுதாமையால் காசு மட்டும் தொலைவதில்லை, நட்பும் தொலைகிறது. கடனை எழுதி வைத்துக்கொள்ளுமாறு திருமறையின் இரண்டாம் அத்தியாயம் பணிக்கிறது. அக்கட்டளை நம்பிக்கையாளர்களை விளித்தே அருளப்பட்டது என்பது சிந்திக்கத்தக்கது. விதி என்பது ஐயத்தின் குழந்தையன்று. அன்பின் காவலாகவும் அது இருக்கக்கூடும்.

விளையாட்டிலும் இதுவே உண்மை. ஓர் எடுத்துக்காட்டை மனத்தில் நிறுத்திப் பார்ப்போம். புதுச்சேரியின் பாகூர்ப் பகுதியில் பனித்திட்டு என்னும் மீனவர் சிற்றூர் உள்ளது. பொங்கல் விடுமுறையில் அவ்வூர் இளைஞரும் பக்கத்து ஊர் இளைஞரும் கூடி, சாதாரணக் காற்றுத் துப்பாக்கிகளைக் கொண்டு குறி சுடும் நட்புப் போட்டி ஒன்றை நடத்த விரும்புகிறார்கள் என்று கொள்வோம். ஒருவன் கையில், திருவிழாக்களில் பலூன் சுடுவதற்குத் தரப்படும் வகையைச் சேர்ந்த தேய்ந்த துப்பாக்கி இருக்கிறது. மற்றொருவன் கையில், வளைகுடா நாட்டில் உழைத்து ஈட்டிய பணத்தில் வாங்கிய, தொலைநோக்கி பொருத்திய உயர்ந்த துப்பாக்கி இருக்கிறது. இருவரும் நண்பர்கள். விதி ஒன்றும் வேண்டாம் என்று தொடங்கினால் வெல்வது கையா, காசா?

இக்கேள்வி அக்கடற்கரைக்குப் புதியதன்று. பெருந்திரளாக மீனை வளைத்து அள்ளும் சுருக்குமடி வலையைத் தமிழ்நாடு அரசு 2000ஆம் ஆண்டிலேயே தடை செய்தது. புதுச்சேரியில் வீராம்பட்டினம், நல்லவாடு மீனவர்களிடையே 2021 ஆகஸ்டில் மூண்ட மோதலுக்கும் அவ்வலையே காரணமாயிற்று. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புக் கூறுவது இங்கே நம் நோக்கமன்று. ஒரே கடலில் இறங்குவோரின் கருவிகள் பெரிதும் வேறுபடும்போது, முன்கூட்டியே ஒப்புக்கொண்ட வரம்பு இல்லையெனில் அண்டை ஊராரும் அயலாராகிவிடுகின்றனர் என்பதே நாம் கொள்ளவேண்டிய பாடம்.

நம் முன்னோர் இதனை எவ்வளவு நுணுக்கமாகச் சிந்தித்தனர் என்பது வியப்புக்குரியது. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் கல்விக் கடல் மட்டுமல்லர்; கைதேர்ந்த வில்லாளருமாவார். அவர்களின் 'அல் உம்மு' என்னும் பெருநூலில் பந்தய ஓட்டத்துக்கும் அம்பெய்தலுக்கும் தனிப் பகுதியே உண்டு. அம்மத்ஹபின் சட்ட நூல்கள் கூறுவன இவை: எத்தனை அம்புகள், எவ்வளவு தொலைவு, இலக்கின் அளவு யாது, எது 'பட்டது' எனக் கொள்ளப்படும் என்பனவெல்லாம் முன்பே தெளிவாக வேண்டும். போட்டியிடும் ஒவ்வொருவருக்கும் வெல்லும் வாய்ப்பு இருத்தல் வேண்டும். முடிவு முன்பே உறுதியாகிவிட்டால் அது போட்டியாகாது. எய்கின்ற பொழுதில் நாண் அறுந்தாலோ வில் முறிந்தாலோ, அந்த அம்பு அவன் தவறாக எண்ணப்படாது.

இற்றைக் காலத்துப் பன்னாட்டு விதிகளும் ஏறத்தாழ இதே வழியில் வந்து நிற்கின்றன. 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் துப்பாக்கியின் எடை 5.5 கிலோவை மிஞ்சலாகாது. உடலைத் தாங்கும் மேலங்கியின் தடிப்பும் விறைப்பும்கூட அளக்கப்படுகின்றன. காசு கொடுத்து வாங்கும் உறுதியைக் குறைத்து, பயிற்சியால் வந்த உறுதியை மிஞ்சச் செய்வதே இதன் நோக்கம். 1951இல் நிறுவப்பட்ட இந்தியத் தேசிய ரைபிள் சங்கம், விலையுயர்ந்த நுண்குறிக் கருவிகள் இல்லாத சாதாரணத் துப்பாக்கிகளுக்கெனத் தனிப் பிரிவும் வைத்து நடத்தியுள்ளது. பாகூருக்குத் தெற்கே அண்மையிலுள்ள கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 60 குண்டுகளுக்கு 630.7 புள்ளிகள் பெற்றும் இறுதிச் சுற்றுக்குள் நுழைய இயலவில்லை. அங்கே நடுப்புள்ளியின் குறுக்களவு அரை மில்லிமீட்டர். கருவிகளை ஒரு வரம்புக்குள் கொண்டுவந்த பின்னர் எஞ்சும் வேற்றுமை அத்துணைச் சிறியது. ஆயினும் அது முழுதும் அவரவர் உழைப்பைச் சேர்ந்தது.

ஆகவே, பனித்திட்டு இளைஞர் செய்யத்தக்கது எளிது. தொலைநோக்கியைக் கழற்றி வைக்கலாம். அல்லது இருக்கும் துப்பாக்கிகளை இருவரும் மாற்றி மாற்றிச் சுடலாம். ரவை சிக்கிக்கொண்டால் மறுமுறை சுட இடம் தரலாம். பரிசை ஊர்ப் பொதுவிலிருந்தோ மூன்றாமவர் ஒருவரோ தரட்டும். இருவரும் பணம் வைத்து, வென்றவன் இரண்டையும் எடுத்துக்கொள்வதாயின் அது சூதாகும் என்பது மார்க்க அறிஞர்கள் வரைந்த எல்லை.

கருவியின் பிழையை மன்னிக்கலாம். கவனப் பிழையை மன்னிக்கலாமா? 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் அமெரிக்கரான மாத்யூ எம்மன்ஸ் மூன்று புள்ளிகள் முன்னணியில் இருந்தார். கடைசிக் குண்டைப் பக்கத்து வீரரின் இலக்கில் சுட்டுவிட்டார். அதற்குப் புள்ளி பூச்சியம். முதலிடத்திலிருந்து எட்டாம் இடத்துக்கு வீழ்ந்தார். நண்பர்கள் இதைவிட இளகிய விதி வைத்துக்கொள்ளலாம். அது அவர்கள் உரிமை. ஆனால் அந்த இளக்கத்தை முதல் குண்டுக்கு முன்னரே தீர்மானிக்க வேண்டும். சுட்ட பின்னர் ஒருவனுக்குக் காட்டும் இரக்கம் மற்றவனுக்கு இழைக்கும் அநீதியாகிவிடும்.

ஆனால் நண்பர்கள் எவ்வளவு உடன்பட்டாலும் தளர்த்த இயலாத விதிகளும் உண்டு. இப்னு உமர் (ரலி) அவர்கள் ஒருமுறை, ஒரு பறவையைக் கட்டி வைத்து அதன்மேல் அம்பெய்து கொண்டிருந்த குறைஷி இளைஞர்களைக் கண்டார்கள். தவறிய அம்பெல்லாம் பறவையின் சொந்தக்காரனுக்கு என்பது அவர்களின் ஏற்பாடு. இப்னு உமரைக் கண்டதும் இளைஞர்கள் கலைந்தோடினர். உயிருள்ள ஒன்றை இலக்காக்குபவரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சபித்துள்ளார்கள் என்று இப்னு உமர் அறிவித்தார்கள். முஸ்லிம் முதலிய ஹதீஸ் தொகுப்புகளில் இது காணப்படுகிறது. இதில் உற்று நோக்கத்தக்கது ஒன்று: அந்தப் போட்டிக்கும் விதி இருந்தது, எய்தவரும் பறவைக்குரியவனும் மனமொப்பியே இருந்தனர். உடன்படாதது பறவை மட்டுமே. அதனைக் கேட்டவர் எவருமில்லை.

பாதுகாப்பு விதிகளின் அடிப்படை இதுவே. கடற்கரையில் மணல்மேட்டுக்கு அப்பால் கருவாடு காயவைக்கும் பெண்ணோ, கரையோரத்தில் ஓடி விளையாடும் சிறுவனோ நம் போட்டிக்கு உடன்பாடு தந்தவரல்லர். காற்றுத் துப்பாக்கியின் சிறு ஈய ரவை ஒரு கண்ணைப் பறிக்கப் போதும். கல்லில் பட்டால் திரும்பியும் பாயும். ஆதலின் இலக்குக்குப் பின்னே ரவையைத் தாங்கும் உறுதியான தடுப்பு வேண்டும். எல்லோரும் துப்பாக்கியைக் கீழே வைத்த பின்னரே ஒருவர் இலக்கருகே செல்ல வேண்டும். தன் சகோதரனை நோக்கி ஆயுதத்தை நீட்டலாகாது என்றும், பள்ளிவாசலில் அம்போடு செல்வோர் அதன் கூர்முனையைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்றும் அண்ணலார் கற்பித்தது இக்காரணம் பற்றியேயாகும். "நாமெல்லாம் தெரிந்தவர்கள்தானே" என்னும் சொல்லுக்கு இங்கே இடமில்லை. பிறருடைய கண்ணை விட்டுக்கொடுக்கும் உரிமை நம் நட்புக்குக் கிடையாது.

இறுதியாக ஒரு நிகழ்ச்சி. அஸ்லம் குலத்தார் அம்பெய்து போட்டியிட்டதைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், இஸ்மாயீலின் வழித்தோன்றல்களே எய்யுங்கள் என ஊக்கி, தாம் ஒரு சாராரோடு இருப்பதாகக் கூறினார்கள். உடனே மறு சாரார் கையை நிறுத்திவிட்டனர். தாங்கள் அவர்களோடு இருக்கையில் நாங்கள் எவ்வாறு எய்வது என்று வினவினர். அப்போது பெருமானார், தாம் அனைவரோடும் இருப்பதாகக் கூறி, எய்யுமாறு பணித்தார்கள். புகாரியில் பதிவாகியுள்ள செய்தி இது.

நடுவர் ஒரு பக்கம் சாய்ந்தார் என்ற எண்ணமே வில்லைத் தாழ்த்தப் போதுமானதாயிற்று. எல்லோருடனும் நிற்கிறார் என்று அறிந்த பின்னரே போட்டி உயிர்பெற்றது. நல்ல விதியின் இலக்கணமும் அதுவே. அது வெல்பவனோடும் நிற்கும், தோற்பவனோடும் நிற்கும், மணல்மேட்டுக்கு அப்பால் நிற்கும் பெயரறியாதவரோடும் நிற்கும். அத்தகைய விதியின்கீழ்த் தோற்றவன் கிண்ணத்தை இழந்து வீடு திரும்பலாம். நண்பனை இழந்து திரும்பமாட்டான்.