ஆண் பெருவாத்தும் முதற்சீலமும்



சென்ற பௌர்ணமிக் கூட்டம் முடிந்தபின் உபாசகர் ஒருவர் ஒரு வினா விடுத்தார். அவர் வீட்டில் காவலுக்கென வளர்க்கும் நெடுங்கழுத்துப் பெருவாத்துகள் எட்டு உள்ளன. அவற்றுள் ஆண் மூன்று. முட்டையிடும் பருவம் வந்தது முதல் ஆண்கள் ஓயாது பொருகின்றன. ஒன்றன் முதுகு புண்ணாகிவிட்டது. ஒன்றை அறுத்துவிட்டால் மற்றவை அடங்கும் என்கின்றனர் அண்டை வீட்டார். பஞ்சசீலம் ஏற்ற நான் என் செய்வேன் என்பது அவர் வினா. சிலர் நகைத்தனர். நகைக்கத்தக்கது ஏதுமில்லை, முதற்சீலம் பெரும்பாலும் கொல்லைப்புறத்திலேதான் சோதனைக்கு உள்ளாகிறது.

பகவான் துக்கத்தைக் கண்டதும் அதன் உற்பத்திக் காரணத்தை நாடினார். நாமும் அவ்வழியே நாடுவோம். பெருவாத்து தன் துணையையும், கூடு வைத்த இடத்தையும் தனதென்று பற்றி நிற்கும் பிராணி. ஆண் தன் எதிரியை அலகினாற் கவ்விக்கொண்டு, இறக்கை மடிப்பிலுள்ள எலும்பு முண்டினால் ஓங்கி அறையும். துரத்தியபின் துணையிடம் ஓடிவந்து கழுத்தை நீட்டி வெற்றி முழக்கமிடும். ஆஸ்திரிய நாட்டு அறிஞர் கொன்ராட் லொரன்ஸ் 1963-இல் வெளியிட்ட நூலில் இம்முழக்கத்தை விரிவாக ஆராய்ந்துள்ளார். சங்கத் தேர்தலில் வென்று வீடு திரும்பும் சிலரும் எனக்கு நினைவுக்கு வருகின்றனர், அது நிற்க.

ஐந்து பெண்ணுக்கு மூன்று ஆண் மிகை. ஆண் ஒன்றுக்குப் பெண் மூன்று அல்லது நான்கு என்பது வளர்ப்போர் கண்ட அளவு. தோற்றது கழுத்தைத் தாழ்த்தி ஓடுமாயின் நாம் குறுக்கிடலாகாது. அவை தமக்குள் முறை வகுத்துக்கொள்கின்றன. ஓட வழியின்றி மூலையில் அகப்பட்டாலும், இரை தின்ன விடாது துரத்தப்பட்டாலும், இரத்தம் கசிந்தாலும் உடனே பிரிக்கவேண்டும். தடியெடுத்து அடிப்பவரையும் அது ஓர் எதிரியாகவே எண்ணும். தண்ணீர்த் தொட்டி ஒன்றிருந்தால் மூன்றாக்கி, தூரத்தூர வையுங்கள். தலை முங்கும் ஆழம் வேண்டும். இரையையும் அவ்வாறே பல இடங்களில் இடுங்கள். கம்பிவலையால் தடுத்தால் ஒன்றையொன்று கண்டு வலையிலேயே மோதும். ஓலைத்தட்டியால் பார்வையை மறையுங்கள். மிகையான ஆண்களைப் பெண்களின் கண்ணிற்படாத இடத்தில் ஒன்றாக விட்டால் பெரும்பாலும் இணங்கியிருக்கும்.

ரோகிணி ஆற்று நீருக்காகச் சாக்கியரும் கோலியரும் படை திரண்டபோது, பகவான் இடைநின்று, நீரின் விலை என்ன, மனிதர் உயிரின் விலை என்ன என்று வினவிய வரலாற்றை அறிவீர்கள். அங்கும் ஆற்றில் நீர் குறைந்ததே சண்டையின் தொடக்கம். ஆலைத் தொழிலாளர் வரிசை வீடுகளில் நாற்பது குடும்பத்துக்கு ஒரு குழாய் இருந்த நாளில், குடத்தால் மண்டை உடைந்ததைப் பலமுறை கண்டிருக்கிறேன். முரடர் என்று அவர்களைக் காவல் நிலையத்துக்கு இழுத்தவர்கள் குழாயை எண்ணிப் பார்க்கவில்லை. இரண்டாவது குழாய் வந்தபின் உடைத்தவனும் உடைபட்டவனும் ஒரே திண்ணையில் அமர்ந்து பீடி பற்றவைத்தனர். ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. வாத்துக்குத் தொட்டியை நாம்தாம் பெருக்கித் தரவேண்டும். மனிதனோ, குழாய் ஒன்றேயாயினும், தன் முறை வரும்வரை குடத்தைக் கீழே வைத்து நிற்க வல்லவன். இரண்டாவது குழாயைக் கூடிக் கேட்கவும் வல்லவன்.

மிகையானதைச் சந்தையில் விற்றுவிடலாமே என்பீர்கள். உயிர் வாணிபத்தையும் இறைச்சி வாணிபத்தையும் பகவான் உபாசகருக்கு விலக்கியுள்ளார். கத்தியைப் பிறர் கையிற் கொடுத்துவிட்டுச் சீலம் காத்தேன் என்றல் வெறும் ஏமாற்று. ஆணின்றிப் பெண்களை மட்டும் வளர்ப்போர் நம் அன்பர்களுள் இருக்கக்கூடும். வரும் கூட்டத்திற் கேட்போம். அதுவரை புண்பட்டதைத் தட்டிக்கு அப்பால், கூட்டத்தின் குரல் கேட்கும் தொலைவில் வைத்து, வெதுவெதுப்பான உப்புநீரால் புண்ணைக் கழுவி, ஈ மொய்க்காமற் காப்பீராக.