மன்னிப்பின் எல்லை யார் பக்கத்தில் இருக்கிறது?



இன்று வாசிக்கக் கேட்ட மாற்கு நற்செய்தி மூன்றாம் அதிகாரம் நம்மில் பலரை நடுங்க வைக்கும். மனிதர் செய்கிற எந்தப் பாவத்துக்கும் மன்னிப்பு உண்டு என்கிறார் ஆண்டவர். சொன்ன கையோடு, தூய ஆவியாரைப் பழிக்கிறவருக்கு மட்டும் ஒருநாளும் மன்னிப்பு இல்லை என்றும் சொல்லிவிடுகிறார். "சாமி, அந்தப் பாவத்த நான் பண்ணிட்டேனோன்னு பயமா இருக்கு" என்று கோயில் திண்ணையில் என்னிடம் கேட்டவர்கள் உண்டு. பெரும்பாலும் வயதானவர்கள். இளமையில் நடந்த ஏதோ ஒன்றை இன்னும் இறக்கி வைக்க முடியாமல் சுமப்பவர்கள். அவர்களுக்கான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பயம் உங்களுக்குள் இருக்கிறவரை நீங்கள் அந்தப் பாவத்தில் இல்லை. நிம்மதியாகத் தூங்குங்கள்.

ஆண்டவர் அதை யாரிடம் சொன்னார் என்று பாருங்கள். கொலைகாரனிடமோ விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணிடமோ அல்ல. எருசலேமிலிருந்து இறங்கி வந்த மறைநூல் அறிஞர்களிடம் சொன்னார். பேய் பிடித்தவர்கள் குணமாகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். நடப்பது நல்லது என்றும் தெரியும். தெரிந்தே, இது பேய்களின் தலைவன் வேலை என்றார்கள். நோயாளி மருந்தை விஷம் என்று தட்டிவிட்டால் மருத்துவர் என்ன செய்ய முடியும்? புனித அகுஸ்தினார் இந்த இடத்தைப் பற்றி நீண்ட மறையுரை ஒன்று ஆற்றியிருக்கிறார். சாகும்வரை மனந்திரும்ப மறுக்கும் நெஞ்சமே அந்தப் பாவம் என்பது அவர் முடிவு. கடவுளின் இரக்கத்துக்கு எல்லை கிடையாது, அதை வேண்டாம் என்பவரே தனக்குக் கதவை அடைத்துக்கொள்கிறார் என்று திருச்சபையின் மறைக்கல்வியும் 1864ஆம் எண்ணில் போதிக்கிறது.

திருச்சபை இந்த முடிவுக்கு எளிதாக வந்துவிடவில்லை. 250ஆம் ஆண்டில் பேரரசன் தேசியுஸ் கிறிஸ்தவர்களை வதைத்தபோது, உயிருக்குப் பயந்து பலர் பொய்த் தெய்வங்களுக்குப் பலியிட்டார்கள். வதை ஓய்ந்ததும் அழுதுகொண்டு திரும்பி வந்தார்கள். அவர்களைச் சேர்க்கவே கூடாது என்றார் உரோமைக் குரு நொவேசியன். திருத்தந்தை கொர்னேலியுசும் கார்த்தேஜ் ஆயர் சிப்பிரியானும், தவம் செய்யட்டும், பிறகு சேர்ப்போம் என்றார்கள். திருச்சபை அவர்கள் பக்கம் நின்றது. 325இல் நிசேயாவில் கூடிய பொதுச்சங்கம், சாகக் கிடக்கிறவர் யாராக இருந்தாலும் வழித்துணை நற்கருணையை மறுக்கக் கூடாது என்று விதித்தது. இன்றைக்கும் ஒருவர் சாகும் தறுவாயில் இருந்தால், பணியிலிருந்து நீக்கப்பட்ட குருகூட அவருக்குப் பாவமன்னிப்பு வழங்கலாம். கதவு சாத்தாமல் இருக்க வேண்டும் என்பதில் திருச்சபைக்கு அவ்வளவு அக்கறை.

சரி, நம் ஊருக்கு வருவோம்.

2023 மே 13, சனிக்கிழமை. நம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் சாராயம் என்று வாங்கிக் குடித்ததில் மெத்தனால் இருந்தது. தொழிற்சாலையில் கரைப்பானாகப் பயன்படும் இரசாயனம் அது. உடம்புக்குள் போனால் ஃபார்மிக் அமிலமாக மாறும், கண் நரம்பைத் தாக்கும், இரத்தத்தையே அமிலமாக்கிவிடும். கண் தெரியவில்லை, வயிறு எரிகிறது என்று துடித்தவர்களை முண்டியம்பாக்கம், புதுச்சேரி மருத்துவமனைகளுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நம் மரக்காணம் பகுதியில் மட்டும் பத்துக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. மதுராந்தகம் பக்கத்திலும் அதே நாட்களில் சாவு. இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அரசு தலா பத்து இலட்சம் ரூபாய் கொடுத்தது. அடுத்த ஆண்டு சூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அதே விஷம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது.

அதை விற்றவனுக்கு மன்னிப்பு உண்டா? கேட்கவே நெஞ்சு கொதிக்கிறது. நற்செய்தியை நம்புகிறவன் என்பதால் சொல்கிறேன்: உண்டு. அவன் சிறையில் முழந்தாள்படியிட்டு, நான் செய்தது கொலை என்று சொல்லி அழுதால், ஆண்டவர் அவனைத் தள்ளமாட்டார். சட்டம் அவனுக்குத் தரும் தண்டனை அதனால் குறைய வேண்டியதில்லை. நல்ல கள்ளனுக்கு வான்வீடு கிடைத்தது, ஆனால் சிலுவையிலிருந்து அவன் இறக்கப்படவில்லை.

எனக்கு அவனைவிட நம்மைப் பற்றித்தான் அச்சம். அவன் செய்தது பாவம் என்று ஊரே சொல்லும், அவன் மனசாட்சியும் ஒருநாள் சொல்லும். பாவம் என்று யாரும் சொல்லாத பாவங்களை என்ன செய்வது? 2013 ஏப்ரல் 25 அன்று இந்த மரக்காணத்தில் தலித் மக்களின் குடிசைகள் எரிந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதில் கிறிஸ்தவர்களுக்கு என்ன என்று கேட்பீர்களானால், நமது இதே புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்தின் எறையூரைப் பாருங்கள். ஒரே திருமுழுக்கு, ஒரே நற்கருணை. ஆனால் தலித் கத்தோலிக்கர் தங்கள் வீட்டுப் பிணத்தைப் பெரிய தெரு வழியாகக் கொண்டுபோக முடியவில்லை. கல்லறையும் தனி. தனிப் பங்கு கேட்டு அவர்கள் போராடியபோது, 2008 மார்ச் 9 அன்று அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. காவல்துறை சுட்டதில் இரண்டு பேர் இறந்தார்கள். தாக்கியவர்களும் இறந்தவர்களும் கத்தோலிக்கர்கள்தான். கேட்டால், இது பாவமில்லை சாமி, வழக்கம் என்று பதில் வரும். மறைநூல் அறிஞர்கள் நின்ற இடத்துக்கு இது மிகவும் பக்கத்தில் இருக்கிறது. ஆவியார் எல்லாரையும் ஒரே உடலாக்குகிறார் என்று தெரிந்தும், அந்த வேலையைத் தடுத்துவிட்டு அதற்கு மரபு என்று பெயர் வைப்பது. பாவம் என்று ஒத்துக்கொள்ளாததற்கு எந்தக் குரு மன்னிப்பு வழங்க முடியும்?

இழந்தவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். கணவனைப் பறிகொடுத்த பெண்ணிடம் போய், "மன்னிச்சிடும்மா, நாம கிறிஸ்தவங்க இல்லியா" என்று யாரும் அவசரப்படுத்தாதீர்கள். அப்படிச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. இந்தூர் அருகே ஏழைகளுக்காக உழைத்த அருள்சகோதரி இராணி மரியாவை 1995 பிப்ரவரி 25 அன்று பேருந்துப் பயணத்தின்போது சமந்தர் சிங் குத்திக் கொன்றார். ஏழு ஆண்டுகள் கழித்து, 2002இல், இராணி மரியாவின் தங்கை அருள்சகோதரி செல்மி சிறைக்குப் போய், கொன்ற அந்தக் கையில், அவரைச் சகோதரனாக ஏற்று இராக்கி கட்டினார். கொன்றவர் மனம் மாறினார், விடுதலையான பின் அந்தக் குடும்பத்துக்கு உறவானார். இராணி மரியா இன்று முத்திப்பேறு பெற்றவர். இதை நான் சொல்வது உங்களை அவசரப்படுத்த அல்ல. அதற்கு ஏழு ஆண்டுகள் ஆயின, அதுவும் அந்தத் தங்கையின் கையால்தான் நடந்தது. இன்னும் முடியவில்லை என்கிறவர்கள், சிலுவையில் ஆண்டவர் செய்ததைப் பாருங்கள். கொல்கிறவர்களை மன்னிக்கும்படி அவர் தந்தையிடம் வேண்டினார். உங்களால் மன்னிக்க முடியாத நாளில், நீங்கள் மன்னியுங்கள் தந்தையே, எனக்கு இன்னும் வரவில்லை என்று சொல்லுங்கள். அதுவும் செபம்தான்.

கடைசியாகப் பரிகாரம். மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லிவிட்டால் கணக்கு தீர்ந்தது என்ற எண்ணம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. பருவம் தப்பி மழை பெய்தால் உப்பளத்தில் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. விளைந்த உப்பெல்லாம் கரைந்துபோகும். மழை விட்டதும் பாத்தி தானாகவா கெட்டிப்படுகிறது? தண்ணீரை வடிக்க வேண்டும், சேற்றை வழிக்க வேண்டும், தரையைத் திரும்ப மிதிக்க வேண்டும். பாவமன்னிப்புக்குப் பிறகும் அப்படித்தான். பாவம் போய்விட்டாலும் அது செய்த கேடு அங்கேயே கிடக்கிறது. திருடியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கெடுத்த பெயரைச் சீராக்க வேண்டும், காயத்துக்கு ஈடு செய்ய வேண்டும் என்று மறைக்கல்வி 1459ஆம் எண்ணில் விரித்துரைக்கிறது. சக்கேயு தன் வீட்டில் ஆண்டவரை வைத்துக்கொண்டே, ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவேன் என்றாரே, அவரிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. மன்னிப்பு உள்ளே இறங்கியதால் தானாக வந்த பேச்சு அது.

மழை மாதங்கள் வரப்போகின்றன. அளங்கள் மூடிவிட்டால் உப்பு வாருகிற பெண்களுக்குக் கூலி கிடையாது, இப்போது கைக்கு வருவதை வைத்துத்தான் அடுப்பெரிய வேண்டும். வேலை செய்தவரின் கூலியைப் பிடித்துவைப்பது வானத்தை நோக்கிக் கூக்குரலிடும் பாவம் என்பது திருச்சபையின் பழைய போதனை. இந்தச் சனிக்கிழமை மாலை நான்கு மணி முதல் பாவசங்கீர்த்தனம் கேட்க உட்கார்ந்திருப்பேன், எவ்வளவு நேரமானாலும். உங்களில் யாராவது ஆட்களுக்குக் கூலி பாக்கி வைத்திருந்தால், வெள்ளிக்கிழமை மாலைக்குள் அவர்கள் வீட்டுக்கே போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள்.