ஏறத் தகுந்தவர் யார்?

எலவனாசூர்கோட்டையிலிருந்து சேலம் நெடுஞ்சாலையில் மேற்கு நோக்கிச் செல்பவர், தியாகதுருகத்தையும் கள்ளக்குறிச்சியையும் கடந்து கச்சிராயபாளையம் சேர்ந்தால், கோமுகி அணைக்கு அப்பால் கல்வராயன் மலை எழுந்து நிற்பதைக் காண்பார். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறாகிய இம்மலை, இமயத்தைக் கண்டவர்களுக்கு ஒரு பொருட்டாகத் தோன்றாது. ஆயினும் பெருநாள் கழிந்த மறுநாள் வேன் அமர்த்திக்கொண்டு அருவிகளைத் தேடிப் புறப்படும் நம் பகுதி இளைஞர்களுக்கும், அவர்களுடன் ஆவலாற் கிளம்பிவிடும் நடுவயதினருக்கும் இம்மலையே போதுமான ஆசானாகும். பெரியார் அருவி சாலையோரத்திலேயே வீழ்கிறது. மேகம் அருவிக்கோ காட்டுவழியே இறங்கி நடந்தாக வேண்டும். பள்ளத்து அருவியை நாடும் வழிகளிலெல்லாம் ஒரு வஞ்சகம் உண்டு. புதிய கால்களுக்கு இறக்கத்தைக் கொடுத்துவிட்டு, களைத்த கால்களுக்கு ஏற்றத்தை மிச்சம் வைத்திருப்பதுதான் அது. போகும்போது, ‘இவ்வளவுதானா?’ என்று நகைத்தவர் திரும்பும்போது பாறைக்குப் பாறை உட்காருகிறார். உடன் வந்த மலைவாசிப் பெண்மணியோ தலைச்சுமையுடன் பேசிக்கொண்டே மேலே போய்விடுகிறாள்.

இக்காட்சியில் நகைப்புக்கு இடமுண்டு எனினும், இதனுள் ஒரு வினா மறைந்திருக்கிறது. ஒரு மலையை ஏறும் தகுதி தனக்கு உண்டா இல்லையா என்பதை மனிதன் எவ்வாறு அறிவான்? அறியாமலே ஏறுவது வெறும் அசட்டுத் துணிவுதானா, அன்றி அதனை ஒரு குற்றம் என்றே சொல்ல வேண்டுமா?

முதல் வினாவை எடுத்துக்கொள்வோம். தன் உடலைத் தன்னைவிட அறிந்தவர் எவர் என்று கேட்பது உலக வழக்கு. பசி, வலி, களைப்பு ஆகியவற்றைப் பொறுத்தவரை அது மெய்யே. ஆனால் தகுதி என்பது இன்னும் நிகழாத ஒன்றைப் பற்றிய தீர்ப்பாகும். அத்தீர்ப்பை வழங்க அமரும்போது, நாமே வழக்காளி, நாமே சாட்சி, நாமே நீதிபதி. போதாக்குறைக்கு ஆசை என்னும் வழக்கறிஞரும் நமக்காகவே வாதாடுகிறார். இருபது ஆண்டுகளுக்கு முன் பள்ளிக்கூடப் பந்தயத்தில் ஓடிய கால்களை மனம் இன்றைக்கும் கணக்கில் வைத்திருக்கிறது. இடையில் ஏறிய எடையையும் குறைந்த மூச்சையும் அது பதிவு செய்வதேயில்லை.

ஆகவே வெளியிலிருந்து சாட்சிகளை அழைக்க வேண்டியிருக்கிறது. ஸ்காட்லாந்து நாட்டு மலையேறியாகிய வில்லியம் நெய்ஸ்மித் என்பார் 1892-இல் ஓர் எளிய கணக்கைச் சொல்லிச் சென்றார். சுமார் ஐந்து கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணி நேரம். அதற்கு மேல், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் இன்னொரு மணி நேரம். பயிற்சியுள்ள, நல்ல உடற்கட்டுடைய மனிதனுக்கான கணக்கு இது என்பதை மறக்கலாகாது. இலங்கையில் நம்மவர் பாவா ஆதம் மலை என்று வழங்கும் சிகரத்துக்கு அடிவாரத்திலிருந்து ஏறக்குறைய 1,000 மீட்டர் ஏற வேண்டும்; வழி ஐந்து கிலோமீட்டர் என்று கொள்வோம். நெய்ஸ்மித்தின் மனிதன் இரண்டே முக்கால் மணிக்குள் உச்சியில் இருப்பான். நாம் எத்தனை மணியில் இருப்போம்? இதை அறிய இலங்கை வரை போக வேண்டுவதில்லை. தியாகதுருகத்துக் கோட்டைக் குன்று வழியிலேயே இருக்கிறது. ஒரு காலைப் பொழுதில் அதன்மேல் ஏறி இறங்கிக் கடிகாரத்தைப் பார்த்தால், ஆசையின் வாதத்தைவிட நம்பகமான சாட்சியம் கிடைக்கும். ஏறும்போது உடன் வருபவருடன் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா, இரண்டு சொற்களுக்கிடையே மூச்சு வாங்குகிறதா என்று கவனிப்பதும் நல்ல சோதனையே. அதைவிட நேர்மையான சாட்சி அடுத்த நாள் வரும். இறக்கத்தில் உடலின் பாரத்தைத் தாங்கித் தாங்கி விடுவது தொடையின் முன்தசை. அது நீண்டுகொண்டே இறுகுகிறது. சமநிலத்தில் எத்தனை மைல் நடந்தாலும் இப்பயிற்சி கிடைப்பதில்லை. அதன் வலி மறுநாளும் அதற்கு மறுநாளுமே தலைகாட்டும். எனவே ஒரு குன்றை வென்ற மாலையில் தன்னைப் பற்றி முடிவு கட்டாமல், இரண்டு நாள் பொறுத்து முடிவு கட்டுவதே அறிவுடைமை.

சில சாட்சிகளை மருத்துவர் மட்டுமே அழைத்துத் தர முடியும். நம் குடும்பங்களில் நீரிழிவு இல்லாத வீடு அரிது. நெடுங்கால நீரிழிவு நரம்புகளைத் தாக்கியிருந்தால், இதயத்துக்கு இரத்தம் போதாத வேளையிலும் நெஞ்சு வலி தோன்றாமலே போகலாம். சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவருக்கு, நீண்ட ஏற்றத்தின் நடுவே சர்க்கரை மிகவும் தாழ்ந்து மயக்கம் வரலாம். ‘எனக்கு ஒன்றும் தெரியவில்லையே’ என்று ஒருவர் சொல்வது இத்தகையவரிடம் நல்ல செய்தியாகாது. கோவைக்கு மேற்கேயுள்ள வெள்ளியங்கிரி மலையில் 2024-ஆம் ஆண்டுப் பருவத்தில் ஏறியவர்களுள் சிலர் மூச்சுத் திணறியும் மயங்கி வீழ்ந்தும் உயிரிழந்தபோது, இதய நோய், இரத்த அழுத்தம், மூச்சுக் கோளாறு உடையவர்கள் ஏற வேண்டாம் என்று அரசுத் துறையினர் எச்சரித்தனர். எச்சரிக்கை நன்றே. தனக்கு அந்நோய் இருப்பதை அறியாதவர் அதைப் படித்துவிட்டு என்ன செய்வார்?

காஷ்மீரத்து அமர்நாத் பயணத்தில் இக்கேள்விக்கு ஒரு விடை காண முயன்றார்கள். 1996-இல் பனிப்புயலில் 240-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2012-இல் பெரும் விபத்து எதுவும் நேராமலே தொண்ணூறுக்கும் மேற்பட்ட யாத்திரிகர்கள் வழியில் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து இதனை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. மருத்துவச் சான்றிதழ் இன்றி எவரும் ஏறலாகாது என்னும் விதி அதன்பின் இறுக்கமாயிற்று. குகை இருப்பது 3,888 மீட்டர் உயரத்தில். 2,500 மீட்டருக்கு மேல் செல்லச் செல்லக் காற்றின் மென்மையால் வரும் நோய்க்கு வலியவன், மெலியவன் என்ற வேற்றுமை கிடையாது. வலியவன் விரைந்து ஏறிவிடுவதால் அவனே முந்திப் பாதிக்கப்படுவதும் உண்டு. சான்றிதழ் முறை நல்ல ஏற்பாடுதான். ஆனால் தெரிந்த டாக்டரிடம் சென்று, ‘ஒரு கையெழுத்துதானே!’ என்று கேட்பவனை எந்த விதி தடுக்கும்? தன் உயிருக்காக எழுதப்படும் தாளில் தானே பொய்யை வேண்டி நிற்கும் விந்தை அது!

இனி இரண்டாம் வினா. என் உடல், என் உயிர். நான் அபாயத்தை ஏற்றால் பிறருக்கு என்ன என்பார் உளர். உடல் நமக்குச் சொந்தமன்று, அமானிதம் என்று நம் முன்னோர் சொன்னது இதற்கு முதல் மறுமொழி. அம்மறுமொழியை ஏற்காதவரும் ஏற்கக்கூடிய இன்னொன்று உண்டு. மலையில் எவரும் தனியே வீழ்வதில்லை.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணியில் நிகழ்ந்ததை நாடே அறியும். கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த இரு குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கங்களிலிருந்தும் வந்தவர்கள், பெண்கள் பலர். 23 உயிர்கள் போயின. மாண்டவர்களைக் குறை கூற எவருக்கும் உரிமையில்லை. காய்ந்த புல்லில் பரவும் தீயின் முன் எந்த உடல்வலிமையும் நில்லாது. நாம் எண்ண வேண்டியது வேறு. அன்று முதலில் ஓடிச் சென்று கைகொடுத்தவர்கள் அம்மலையடிவாரத்து மக்கள். இரவு முழுவதும் காயமுற்றோரைத் தூளி கட்டிச் சுமந்தனர். ஒருவர் எடுக்கும் முடிவின் விலையை, அம்முடிவில் கலந்துகொள்ளாத இன்னொருவர் தோளிலே சுமக்கிறார். கல்வராயனிலும் நாளை ஒருவர் வீழ்ந்தால், தூக்கி வரப்போவது அந்தத் தலைச்சுமைப் பெண்மணியின் கணவனும் மைந்தனுமே.

குரங்கணிக்குப் பின் தமிழக அரசு அவ்வாண்டிலேயே மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் நாற்பது மலைவழிகளை வனத்துறை வழிகாட்டிகளுடன் திறந்தது. எளிது, நடுத்தரம், கடினம் என்று வழிகளுக்குத் தரமும் இட்டிருக்கிறார்கள். வழியின் தரத்தை அரசு சொல்லிவிட்டது. ஏறுபவனின் தரத்தை அவனே சொல்ல வேண்டியிருக்கிறது. வழக்கு மறுபடியும் அதே நீதிபதியிடம் வந்து நிற்கிறது!

கூட்டமாகச் செல்லும்போது இவ்வழக்கு இன்னும் சிக்கலாகும். பத்துப் பேரில் ஒருவன் மெலியவன். அவன் தன் மெலிவைச் சொல்ல நாணுகிறான். மற்றவர் அதைக் கேட்க விரும்புவதில்லை. தொழுகையை முன்னின்று நடத்துபவர், பின்னால் நிற்போரில் முதியவரும் பிணியாளரும் உண்டு என்பதை எண்ணிச் சுருக்கி நடத்த வேண்டும் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பணித்திருப்பதை நாம் பள்ளிவாசலோடு நிறுத்திவிட்டோம். முன்செல்லும் இளைஞன் அரை மணிக்கு ஒருமுறை திரும்பிப் பார்ப்பானாயின், பாதி விபத்துகள் தோன்றவே மாட்டா என்பது என் எண்ணம்.

நாணத்தைப் பற்றிச் சொல்லும்போது இப்னு பதூதாவின் பயணக்குறிப்பு நினைவுக்கு வருகிறது. மஅபர் கரைக்கு வருமுன் 1344-இல் அவர் இலங்கை சென்று ஆதம் மலை ஏறினார். அம்மலைக்குப் பாவா வழி, மாமா வழி என்று இரண்டு வழிகள் இருந்ததாக எழுதுகிறார்; ஆதம் (அலை) அவர்களையும் ஹவ்வா அம்மையாரையும் குறிக்கும் பெயர்கள். மாமா வழி எளியது. பாவா வழி கரடுமுரடானது. பாறையில் சங்கிலிகளைப் பற்றியே ஏற வேண்டும். சங்கிலிகள் பத்து. பத்தாவதற்கு ஷஹாதத்துச் சங்கிலி என்று பெயராம். அவ்விடத்தை அடைந்து கீழே நோக்குபவர், வீழ்ந்துவிடுவோமோ என்னும் அச்சத்தால் கலிமா சொல்லத் தொடங்கிவிடுவாராதலின் அப்பெயர்! எளிய வழியே ஏறிச் செல்பவரை, மலையைத் தரிசித்தவராகவே அக்கால மக்கள் கருதவில்லை என்பதையும் அவர் பதிவு செய்கிறார். எழுநூறு ஆண்டுக்கு முந்தைய இச்செய்தியில் இன்றைய கேலியின் குரல் கேட்கிறதன்றோ? இப்னு பதூதா திரும்பும்போது மாமா வழியாகவே இறங்கினார். உலகைச் சுற்றிய அம்மனிதருக்கு அதில் நாணம் இருந்ததாகத் தெரியவில்லை. இத்தனைக்கும் அரசன் அளித்த பல்லக்கும் ஆட்களும் உடன் இருந்தன.

மார்க்கச் சட்டம் எளிய வழியை இழிவாகக் கருதியதே இல்லை. பயணிக்குத் தொழுகைச் சுருக்கம். பிணியாளருக்கு நோன்பில் விலக்கு. ஹஜ்ஜுக்கோ, சென்றுவரச் சக்தி பெற்றோர் மீதே கடமை. மீளா நோயாளிக்காகப் பிறர் சென்று நிறைவேற்றும் பதலி ஹஜ்ஜும் உண்டு. இரு மைந்தர்கள் தாங்கிவர, தள்ளாடி நடந்து செல்லும் முதியவர் ஒருவரை நபி (ஸல்) அவர்கள் கண்டார்கள். நடந்தே செல்வதாக அவர் நேர்ச்சை செய்திருந்தார். அவர் தம்மைத் தாமே வருத்திக்கொள்வது இறைவனுக்குத் தேவையில்லை என்று கூறி, வாகனத்தில் ஏறுமாறு கட்டளையிட்டார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது நம்பிக்கை வைக்கும் செய்தியை நாம் எல்லோரும் மேடைதோறும் கேட்டிருக்கிறோம். கயிறு இற்றிருக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பதும் கட்டுவதில் அடங்கும். 2024-ஆம் ஆண்டு ஹஜ்ஜில் மக்காவின் வெப்பம் 51 பாகையைக் கடந்தபோது 1,300-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் ஐந்தில் நான்கு பங்கினருக்கு மேல், உரிய பதிவு இல்லாமல் வந்ததால் கூடாரமும் குளிர்ச்சியும் இன்றிக் கடுவெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள் என்று சவூதி அரசு அறிவித்தது. அவர்களின் ஆர்வத்தை எவர் பழிப்பார்? ஆர்வம் வேர்வையை நிறுத்தி வைக்காது. தசை உழைக்கும்போது செலவாகும் ஆற்றலில் ஏறக்குறைய கால்பங்கே நடையாகிறது. எஞ்சியது உடலுக்குள் வெப்பமாகவே தங்குகிறது.

இதற்கு நேர் எதிரான வாதத்தையும் கேட்டாக வேண்டும். தகுதியை அளந்து அளந்து பார்ப்பவன் ஒன்றையும் செய்யமாட்டான் என்பது அது. நெல்லூர் மாவட்டத்தில் பிறந்த மல்லி மஸ்தான் பாபு 2006-இல் ஏழு கண்டங்களின் உச்சிகளையும் 172 நாட்களில் ஏறினார். அளந்துகொண்டே இருந்திருந்தால் இச்செயல் நடந்திராது என்று சொல்வர். நான் வேறாகக் கருதுகிறேன். பல்லாண்டுப் பயிற்சியில் தன்னை ஓயாது அளந்தவராலேயே அது முடிந்தது. அவரும் 2015-இல் ஆண்டிஸ் மலையில் தனியே ஏறியபோது உயிர் நீத்தார். தகுதி உயிருக்கு உறுதிச்சீட்டு அன்று. தகுதியுடையவர் தெரிந்தே ஏற்ற அபாயமாக அதை நாம் மதிக்கலாம். தெரிந்து ஏற்பதற்கும் தெரியாமல் சிக்குவதற்கும் இடையேதான் துணிவுக்கும் அசட்டுத்தனத்துக்குமான எல்லை ஓடுகிறது. முழங்கால் தேய்ந்த ஒரு மூதாட்டி, வழியின் நீளத்தையும் தன் நோயையும் நன்கறிந்து, உடன் வருவோரின் மனமார்ந்த சம்மதத்துடன் மெல்ல ஏறுவாராயின், அவரைத் தடுக்க நமக்கு உரிமை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. உடன் வருவோரின் சம்மதம் என்பதை மட்டும் அழுத்திச் சொல்வேன். உம்மாவின் ஆசைக்கு மறுப்புச் சொல்ல முடியாமல் தலையசைக்கும் மகனின் சம்மதம் சம்மதமாகாது.

மக்காவில் ஹிரா குகை அமைந்துள்ள ஜபலுந்நூர் மலையைக் காணச் செல்லும் நம் பகுதி ஹாஜிமார்களிடையே இது ஆண்டுதோறும் நிகழும் வழக்கு. அம்மலை ஏறுவது ஹஜ்ஜின் கடமைகளில் ஒன்றன்று. எனினும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை ஏறியே தீர்வதென்று சிலர் விடியுமுன் புறப்படுகின்றனர். வேறு சிலர் பஸ்ஸிலிருந்து இறங்கி, அடிவாரத்தில் நின்று உச்சியை நெடுநேரம் பார்க்கின்றனர், ஸலவாத்து ஓதுகின்றனர், பிறகு, ஏறப்போன பேரனிடம் தண்ணீர்க் குப்பியைக் கொடுத்தனுப்பிவிட்டு நிழல் தேடி அமர்கின்றனர்.