எல்லிஸ் அவென்யூ வெண்கலம்

சிகாகோ பல்கலைக்கழகத்தில், எல்லிஸ் அவென்யூ ஓரமாக நிற்கிறது சிற்பி ஹென்றி மூரின் ‘நியூக்ளியர் எனர்ஜி’. 12 அடி உயர வெண்கலம். உச்சி வழுவழுப்பான கவிகை. பார்த்துக்கொண்டே இருந்தால் மண்டையோடு. இன்னும் பார்த்தால் காளான் மேகம். இரண்டும் மூர் எண்ணிச் செய்தவை. கீழே தூண்கள், வளைவுகள், உள்ளே போய் ஒண்டிக்கொள்ளலாம் போன்ற குடைவுகள். அங்கே பழைய தேவாலயங்களின் சாயல். பயமும் புகலிடமும் ஒரே உடம்பில்.

*

1942 டிசம்பர் 2. இதே இடத்தில், ஸ்டாக் மைதானத்து மேற்குப் பார்வையாளர் மாடத்துக்கு அடியில், ஸ்குவாஷ் ஆடும் கூடம். இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மியின் குழு கிராஃபைட் கட்டைகளை அடுக்கி, இடையிடையே யுரேனியத்தைப் பொதித்திருந்தது. கட்டுப்பாட்டுக் கோலைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்தார்கள். நியூட்ரான்களை எண்ணும் கருவியின் ‘டிக் டிக்’ நெருங்கி நெருங்கி, கடைசியில் ஒரே இரைச்சலானது. மனிதர் கையால் நடந்த முதல் அணுக்கரு தொடர்வினை. ஆற்றல் அரை வாட். ஒரு டார்ச் பல்பு பிரகாசமாக எரியக்கூடப் போதாது. சில நிமிடங்களில் நிறுத்திவிட்டார்கள்.

உடனிருந்த இயற்பியலாளர் யூஜீன் விக்னர் கொண்டுவந்த கியான்டி ஒயினைக் காகிதக் கோப்பைகளில் பகிர்ந்து குடித்தார்கள். கூட்டம் கலைந்த பிறகு இன்னொரு இயற்பியலாளர் லியோ சிலார்ட் ஃபெர்மியின் கையைக் குலுக்கினார். மனித வரலாற்றில் இது ஒரு கறுப்பு நாளாக இருக்கும் என்றும் சொன்னார். வாழ்த்தும் அச்சமும் ஒரே மூச்சில். மூன்று வருடம்கூட ஆகவில்லை, ஹிரோஷிமா எரிந்தது.

*

1967-இல், அதே டிசம்பர் 2 அன்று, சிற்பம் திறக்கப்பட்டது. மைதானத்தின் பழைய மாடம் அதற்குள் இடிக்கப்பட்டிருந்தது. ஃபெர்மிக்கு ஒரு சிலை வைத்திருக்கலாம். கோட்டும் டையுமாக, கீழே பெயர்ப் பலகையோடு. அப்படிச் செய்யாதது எவ்வளவு நல்லதாயிற்று! மாலை போட்டுவிட்டு நகர்ந்துவிட முடிகிற சிலையாக அது ஆகியிருக்கும். அணு ஆயுத எதிர்ப்பு இயக்கத்துக்கு ஆதரவு தந்தவர் மூர். வெற்றியைக் கொண்டாடக் கூப்பிட்ட இடத்தில் மண்டையோட்டையும் கொண்டுவந்து வைத்தார். அதை ஏற்றுக்கொண்ட பல்கலைக்கழகத்தின் மீதும் எனக்கு மரியாதை உண்டு.

வெண்கலம் தொடத் தொட மெருகேறும். இங்கே வருகிறவர்கள் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றே விரும்புகிறேன். அந்தக் கவிகையின் வழுவழுப்பு கைக்கு இதமாகத்தான் இருக்கும். இதமாக இருப்பதுதான் மனதைத் தொந்தரவு செய்கிறது.

*

இதே வடிவத்தின் சிறிய பிரதி ஒன்று ஹிரோஷிமாவின் தற்காலக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சிகாகோவில் இதைப் பார்க்கிற இயற்பியல் மாணவர் ஒவ்வொருவரும் அங்கேயும் ஒருமுறை போய் வர வேண்டும். பாடத்திட்டத்தில் அதற்கு இடம் ஒதுக்கினாலும் தகும்.