அமானிதமும் அவசரமும்

பெற்றோர் விட்டுச் சென்ற பொருள் நமக்குச் சொத்தா, அமானிதமா? சொத்தென்றால் விருப்பம்போல் ஆளலாம். அமானிதமென்றால் கெடாமல் காக்க வேண்டும். இந்த வேறுபாட்டை நமக்கு உணர்த்தியது ஒரு பழைய வானொலிப் பெட்டி.

சேலம் மாவட்டத்து ஜலகண்டாபுரம் நெசவாளர் ஊர். அங்கே நாம் அறிந்த ஒரு குடும்பத்தார், பரணில் நாற்பதாண்டு கிடந்த வால்வு வானொலியைப் பெருநாளன்று கீழே இறக்கினார்கள். இலங்கை வானொலியின் முஸ்லிம் நிகழ்ச்சியையும், நாகூர் ஈ. எம். ஹனீபாவின் கம்பீரக் குரலையும் அந்த வீட்டுக்கு அழைத்து வந்த பெட்டி அது. பேரப்பிள்ளைகள் சூழ்ந்து நிற்க, மகன் தூசியைத் துடைத்து மின்சாரத்தில் செருகினார். உறுமல் எழுந்தது, அடுத்துப் புகை, பிறகு மௌனம். மின்மாற்றி கருகிவிட்டது. நாற்பதாண்டு உறக்கம் கெடுக்காததை ஒரு நிமிட ஆசை கெடுத்துவிட்டது.

அவர் அன்பினால்தான் செய்தார். ஆனால், அன்பு அறியாமைக்கு மன்னிப்பாகுமா?

அப்பெட்டியின் பெரிய கன்டென்சர்களில் அலுமினியத் தகட்டின்மேல் மெல்லியதோர் ஆக்சைடு படலம் உண்டு. மின்சாரம் குறுக்கே பாயாமல் தடுப்பது அதுவே. நெடுநாள் பயனின்றிக் கிடந்தால் படலம் நலியும். உள்ளிருக்கும் ஈரமும் உலரும். அந்நிலையில் 230 வோல்ட்டை ஒரேயடியாகச் செலுத்துவது, நெடுநாள் நோயாளியை எழுப்பி ஓடச் சொல்வதற்கு ஒப்பாகும்.

கைதேர்ந்த மெக்கானிக் அப்படிச் செய்வதில்லை. முதலில் மட்கிய மின்கம்பியையும் கெட்ட கன்டென்சர்களையும் மாற்றுகிறார். பின்னர், 60 அல்லது 100 வாட் இழை பல்பு ஒன்றின் வழியாகவே பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கிறார். உள்ளே பழுதிருந்தால் பல்பு பிரகாசமாக எரிந்து சுமையைத் தான் தாங்கிக்கொள்ளும், பெட்டி தப்பும். பல்பு மங்கி நின்றால்தான் அடுத்த படி.

பொருளைக் காப்பதினும் உயிரைக் காப்பது முந்திய கடமை. மின்மாற்றி இல்லாத ஏசி–டிசி பெட்டிகளில் உலோகச் சட்டமே மின்கம்பியோடு இணைந்திருக்கும். வால்வுகளுக்குச் செல்லும் அழுத்தம் பல பெட்டிகளில் 200 வோல்ட்டைத் தாண்டும். செருகியைப் பிடுங்கிய பின்பும் அது கன்டென்சரில் தங்கியிருக்கும். ஆகவே, தெரியாதவர் பின்பலகையைத் திறப்பது வீரமன்று. பிள்ளைகள் உலவும் வீட்டில் அது பாவமும் ஆகும்.

அதே பாடல் கைப்பேசியில் கிடைக்கும்போது இத்தனை பாடு எதற்கு என்று கேட்கலாம். பாடல் கிடைக்கும், அத்தா திருகிய குமிழ் கிடைக்குமா? எனினும், அக்குமிழுக்காக ஓர் உயிரைப் பணயம் வைக்கவும் நமக்கு உரிமையில்லை. பத்திரமாக உயிர்ப்பிக்க முடியாத பெட்டியைப் பேசாமல் வைத்துப் போற்றுவதும் மரியாதையே.

ஜலகண்டாபுரத்து நெசவாளருக்கு இதை நாம் கற்பிக்க வேண்டியதில்லை. இழை அறுந்தால் அவர் தறியை நிறுத்துகிறார். முனைகளைத் தேடி முடிச்சிடுகிறார். அதன் பிறகே மீண்டும் ஓட்டுகிறார். அந்தப் பொறுமையைப் பரணுக்கும் கொண்டு செல்வோம். அந்தக் குடும்பத்தார் இப்போது மின்மாற்றியை மறுபடி சுற்றக் கொடுத்திருக்கிறார்கள். இம்முறை எவரும் நாள் குறிக்கவில்லை.