போதும் என்பதை யாரிடம் சொல்வது?

பிரிக்பீல்ட்சில் ஞாயிறு முற்பகல் ஆலய வழிபாடு முடிந்து வெளியே வருவோர் பலருக்கு அடுத்த வேலை ஒன்று காத்திருக்கும். துன் சம்பந்தன் சாலை வழியே சற்று நடந்தால் கேஎல் சென்ட்ரல் நிலையம். அதனை ஒட்டியே 2014 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட நு சென்ட்ரல் பேரங்காடி. முன்னொரு காலத்தில் இரயில் பெட்டிகளைப் பிரித்தும் கோத்தும் நிறுத்தி வைத்த திடலின்மீதுதான் இந்நிலையம் எழுந்தது. அந்த இரயில்வேயில் உழைத்துத் தேய்ந்த தமிழர் பலர். அவர்தம் பேரப்பிள்ளைகள் இன்று அதே நிலத்தில் நகரும் படிக்கட்டில் ஏறிப் பொருள் வாங்கச் செல்கின்றனர். போதுமென்ற மனத்தைப் பற்றி அருளுரை கேட்ட செவிகள் ஒரு மணி நேரம் கழித்து மலிவு விற்பனை அறிவிப்பையும் கேட்கின்றன. இதனைக் கண்டு நகைப்பது எளிது. ஆனால் அவ்வாறு ஏறிச் சென்றவர்களுள் நானும் ஒருவன். ஆகவே நகைக்கும் உரிமை எனக்கில்லை.

வாங்குதல் என்பது இன்று கடைக்குச் செல்லும் செயலாக மட்டும் நின்றுவிடவில்லை. அதற்கென ஒரு நாள்காட்டியே உருவாகிவிட்டது. திருச்சபைக்குத் திருவருகைக் காலம், தவக்காலம் என்று காலங்கள் உண்டு. வணிகத்துக்கும் இப்போது அவ்வாறே உண்டு: ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள், பதினோராம் மாதம் பதினோராம் நாள், பன்னிரண்டாம் மாதம் பன்னிரண்டாம் நாள் என இணையக் கடைகள் தத்தம் திருநாள்களைக் குறித்து வைத்திருக்கின்றன. நள்ளிரவு வரை விழித்திருந்து பொருள் வாங்குவோர் உண்டு. நள்ளிரவு வழிபாட்டுக்கு அத்தனை பேர் விழித்திருக்கிறார்களா என்பது ஐயமே. கையில் பணம் இல்லை என்ற தடையையும் தவணை முறை நீக்கிவிட்டது. நம் நாட்டுக் குடும்பங்கள் பட்டிருக்கும் கடன், நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தி மதிப்பில் ஐந்தில் நான்கு பங்கைத் தாண்டி நிற்கிறது. அதில் பெரும்பகுதி வீட்டுக்கும் வண்டிக்கும் வாங்கியது என்பது உண்மை. எனினும் கடனில் மூழ்கியோருக்கு வழிகாட்டவென்றே 2006 இல் மத்திய வங்கி ஒரு நிறுவனத்தை அமைக்க வேண்டி வந்தது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

இப்பொருள் குறித்து மேடைகளில் நான் பலமுறை பேசியிருக்கிறேன். அப்பேச்சை நிறுத்தி வைத்தது ஒரு புத்தகப்பை.

பள்ளி திறந்த முதல் வாரம். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் தாயார் என்னைக் காண வந்திருந்தார். பேரங்காடி ஒன்றில் துப்புரவுப் பணி செய்பவர். பள்ளிக்குச் செலுத்த வேண்டிய சிறு தொகைக்குத் தவணை கேட்டார். மகள் அருகில் நின்றாள். அவள் தோளில் தொங்கிய பையின் விலை, அவ்வம்மையார் தவணை கேட்ட தொகையைப் போல் மூன்று மடங்கு இருக்கும். என் பார்வை பையின்மீது சென்றதை அவர் கண்டுகொண்டார். நான் வாய் திறக்குமுன்பே சொன்னார்: "தவணையிலதான் சார் எடுத்தேன். நான் கூட்டுற கடையில தினமும் பாக்குற பைதான். எம் பிள்ளை மட்டும் எதுக்குங்க சார் ஒதுங்கி நிக்கணும்?"

என்னிடம் விடை ஆயத்தமாக இருந்தது. உண்ணவும் உடுக்கவும் இருந்தால் போதும் என்று பவுலடிகள் தீமோத்தேயுவுக்கு எழுதியதை எடுத்துச் சொல்லியிருக்கலாம். அவாவறுத்தல் அதிகாரத்தையும் துணைக்கு அழைத்திருக்கலாம். சொல்ல நா எழவில்லை. குளிரூட்டிய அறையில், கடனில் வாங்கிய வண்டியின் சாவியை மேசைமேல் வைத்துக்கொண்டு, தரை துடைத்துப் பிழைக்கும் ஒரு பெண்ணிடம் 'போதும் என்று இரு' என்பது அறமா? அச்சொல் உண்மையாகவே இருந்தாலும், சொல்லுகிற இடத்தால் அது பொய்யாகிவிடாதா? அன்று அவர் கேட்ட தவணையைக் கொடுத்து அனுப்பினேன். கேள்வி மட்டும் என்னிடமே தங்கிவிட்டது.

இக்கேள்வி கிள்ளான் மண்ணுக்குப் புதியதன்று. 1941 ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் சீவிய தமிழர்கள் ஆயிரக்கணக்கில் வேலை நிறுத்தம் செய்தனர். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தைச் சேர்ந்த ஆர். எச். நாதன் அவர்களுக்குத் தலைமை தாங்கினார். அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளை வகுப்பறையில் ஒருமுறையேனும் நம் மாணவர்க்கு எடுத்துரைக்க வேண்டும். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி கேட்டனர். பிள்ளைகளுக்கு முறையான கல்வி கேட்டனர். மருத்துவ வசதி கேட்டனர். தம் பெண்களின் மானத்துக்குக் காப்புக் கேட்டனர். துரையோ கிராணியோ எதிர்ப்பட்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்றனர். இவற்றோடு, தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடுமாறும் கேட்டனர். அவ்வாண்டு மே மாதம் நாதன் கைதானார்; பின்னர் நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர்.

அக்கோரிக்கைகளைப் படிக்குந்தோறும் இரண்டு செய்திகள் என்னை நிறுத்திவிடும். ஒன்று மிதிவண்டி. துரையின் கண்ணுக்கு அது, கூலிக்காரன் தன் நிலை மறந்து வாங்கிய ஆடம்பரமாகத் தோன்றியிருக்கலாம். ஏறி அமர்ந்தவனுக்கோ அது, தலை குனியாமல் ஒரு சாலையைக் கடக்கும் உரிமை. பொருள் ஒன்றே, அது தேவையா மிகையா என்பதை அளக்கும் கோல் மேலிருந்து பார்ப்பவனிடத்தில் இல்லை. அந்தத் தாயார் வாங்கிய பையும் ஏறத்தாழ அம்மிதிவண்டியைப் போன்றதுதான். இரண்டாவது கள்ளுக்கடை. கூடுதல் கூலி கேட்ட அதே மனிதர்கள், அக்கூலியை விழுங்கிய கடையை மூடச் சொல்லியும் கேட்டார்கள். உரிமையை வேண்டுவதும் ஆசையை அடக்குவதும் எதிர்ப்பக்கங்கள் என்று அவர்கள் எண்ணவில்லை. தம் பலவீனம் எது, அதனால் ஊதியம் பெறுவது யார் என்பதை அறிந்திருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பலர் அக்கூட்டத்தில் இருந்திருப்பர். பொருளியல் நூல்கள் கற்ற நமக்கு அத்தெளிவு வாய்த்திருக்கிறதா?

அவர்களிடம் அன்று யாரேனும் 'உள்ளதே போதும்' என்று போதித்திருந்தால் அது கிறித்துவப் போதனையாகுமா? ஆகாது என்பதற்கு விவிலியமே சான்று. யோவான் ஸ்நானகனிடம் போர்ச்சேவகர் சிலர் வந்து தாம் செய்ய வேண்டுவது யாது என்று வினவியதாக லூக்கா நற்செய்தியில் ஒரு பகுதி உண்டு. எவரையும் மிரட்டிப் பணம் பறிக்க வேண்டா, பொய்க் குற்றம் சாட்ட வேண்டா, உங்கள் சம்பளமே போதும் என்று இருங்கள் என்னும் கருத்தில் அவர் விடை தருகிறார். போதும் என்ற சொல் அங்கே யாரை நோக்கி வருகிறது? வாள் பிடித்தவனை நோக்கி. பறிகொடுத்தவனை நோக்கி அன்று. வரி தண்டுவோர் வந்து கேட்டபோதும், விதித்ததற்கு மேல் வாங்காதீர்கள் என்றே அவர் சொன்னார். அறுவடை செய்த கூலியாட்களின் கூலியைப் பிடித்து வைத்த செல்வரை யாக்கோபின் நிருபம் கடுஞ்சொற்களால் சாடுகிறது. பொறுத்துக்கொள்ளுமாறு கூறும் பகுதி அதற்குப் பின்னரே வருகிறது. அவ்வரிசையை நாம் மாற்றிப் படித்துவிடுகிறோம்.

ஆகவே மனநிறைவு என்பது என் ஆசைக்கு நான் இடும் எல்லை. அடுத்தவன் கூலிக்கு நான் இடும் எல்லையன்று. குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின்படி 2013 இல் தீபகற்பத்தில் 900 ரிங்கிட்டாகத் தொடங்கிய தொகை 2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட் ஆயிற்று. அத்தொகையைப் பெற்றுக்கொண்டு கோலாலம்பூரில் வீட்டு வாடகை கொடுத்துப் பிள்ளை வளர்க்கிறவரிடம் எளிமையைப் பற்றி நான் கற்க வேண்டியதுண்டு; கற்பிக்க வேண்டியது மிகக் குறைவு.

இவ்வாறு சொல்வதால் பவுலடிகளின் சொல் வலுவிழந்துவிடும் என்று சிலர் அஞ்சலாம். உண்மையில் அப்போதுதான் அது நம்மை நோக்கித் திரும்புகிறது. பிலிப்பியருக்கு அவர் எழுதிய நிருபத்தில், எந்நிலையிலும் நிறைவோடு இருக்கத் தாம் கற்றுக்கொண்டதாகக் குறிப்பிடுகிறார். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அவ்விடத்தில் 'மனரம்மியம்' என்ற சொல் வழங்குகிறது. வகுப்பில் விளக்கத் தகுந்த சொல். ரம்மியம் என்பது இனிமை, அழகு. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தல் அன்று, உள்ளம் இனித்திருத்தல். மூல மொழியாகிய கிரேக்கத்தில் அவர் ஆண்ட சொல் ஸ்தோயிக்க ஞானியர் விரும்பிக் கையாண்ட ஒன்று. பிறர் துணை வேண்டாத தன்னிறைவு என்பது அவர்கள் கொண்ட பொருள். பவுலடிகளோ சிறையில் இருந்தபடி, பிலிப்பி நகரத்தார் எப்பாப்பிரோதீத்துவின் கையில் கொடுத்தனுப்பிய உதவிக்கு நன்றி கூறும் இடத்தில் அச்சொல்லை எழுதுகிறார். பிறர் தருவதைப் பெற்றுக்கொண்டே நிறைவைப் பேசுகிறார். தன்னிறைவு உறவு நிறைவாக மாறிவிட்டது.

இன்னொன்றையும் ஆசிரியர்கள் கருத வேண்டும். அவர் 'கற்றுக்கொண்டேன்' என்கிறார். பிறவியிலேயே வந்த குணமென்று சொல்லவில்லை. அதிலும் தாழ்வில் வாழ மட்டுமன்றிப் பெருக்கத்தில் வாழவும் கற்றதாகச் சொல்கிறார். குறைவில் வாழ்வதைக் கற்பிக்கப் பசியே ஆசான். வேறு பள்ளி தேவையில்லை. பெருக்கத்தில் வாழ்வதுதான் பாடம். நம்முள் பெரும்பாலோர் இப்பாடத்தில் தேர்ச்சி பெறவில்லை.

கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ்ச் சபைகளுள் மெதடிஸ்டுச் சபைகள் நெடுங்காலமாக இருப்பவை. அம்மரபுக்கு மூலவரான ஜான் வெஸ்லி (1703–1791) தம் அருளுரை ஒன்றில் ஆக்ஸ்போர்டில் இருந்த இளைஞர் ஒருவரைப் பற்றிக் கூறுகிறார். அவ்விளைஞர் வெஸ்லியேதான் என்பது பலர் கருத்து. முதலாண்டு அவருக்கு வருமானம் 30 பவுன். 28 இல் வாழ்ந்து 2 பவுனைக் கொடுத்தார். மறு ஆண்டு 60 பவுன் வந்தது. அப்போதும் 28 இல் வாழ்ந்து 32 ஐக் கொடுத்தார். மூன்றாம் ஆண்டு 90, கொடுத்தது 62. நான்காம் ஆண்டு 120, கொடுத்தது 92. இதை ஐந்தாம் வகுப்புக் கணக்காகக் கொடுக்கலாம். கொடுத்தும் பார்த்தேன். மாணவர்கள் விடையைச் சரியாகவே எழுதினார்கள். ஒருவன் மட்டும் எழுந்து, "ஏன் சார் அவரு செலவு ஏறவே இல்ல?" என்று கேட்டான். கணக்கு அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. என் முதல் மாதச் சம்பளத்தையும் இன்றைய சம்பளத்தையும் அன்றிரவு ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். என் 28 எந்த ஆண்டில் தொலைந்தது என்பதைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆசிரியர் அறையை எண்ணிப் பாருங்கள். புதிய கைப்பேசி, புதிய சேலை, விடுமுறைப் பயணம் ஆகியவை ஓய்வு நேரப் பேச்சில் எத்துணை இடம் பெறுகின்றன! அதுவாவது நம் சொந்தப் பணம். பள்ளி பிறரை வாங்க வைப்பதை யார் கணக்கிடுகிறார்கள்? பாலர் பள்ளிச் சிறுவருக்குப் பட்டமளிப்பு விழா நடத்துகிறோம். அங்கியும் தொப்பியும் நிழற்படமும் பெற்றோர் செலவு. ஆண்டு விழா நடனத்துக்கு ஒரே நிற உடை, ஒரு நாள் அணிந்தால் அத்தோடு சரி. விளையாட்டுப் போட்டிக்கு ஒரு சட்டை. வேறொரு விழாவுக்கு மற்றொரு சட்டை. ஆசிரியர் தினமான மே 16 இல் மேசைகளில் குவியும் பரிசுகளை ஒரு குழந்தை எவ்வாறு பார்க்கும்? தான் கொண்டுவந்தது சிறியதா பெரியதா என்றுதானே பார்க்கும். பிள்ளை ஒதுங்கி நிற்கக்கூடாது என்று அந்தத் தாயார் அஞ்சினாரே, அந்த ஒதுங்கும் இடத்தை வரைந்தவர்களுள் நாமும் உண்டு.

அடுத்து நடந்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் நான் மனநிறைவைப் பற்றிப் பேசவில்லை. சென்ற ஓராண்டில் பள்ளியின் பொருட்டு நீங்கள் வாங்க நேர்ந்தவற்றைச் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டேன். முதலில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒவ்வொன்றாக வந்தன. வெண்பலகையில் எழுதியபோது பதினொன்று ஆயிற்று. ஆசிரியர்கள் முகம் சுளித்த இடங்களும் உண்டு. ஆண்டு விழா உடையைப் பற்றி வாக்குவாதமே நடந்தது. முடிவில் நான்கை அடித்தோம். பட்டமளிப்பு அங்கியை அடிக்கப் பெற்றோரே இசையவில்லை. ஒரே ஒரு நிழற்படம், அதற்காவது பிள்ளை அப்படி நிற்கட்டும் என்றார்கள். மிதிவண்டியை நினைத்துக்கொண்டு நானும் விட்டுவிட்டேன். பள்ளியே சில அங்கிகளைத் தைத்து ஆண்டுதோறும் மாற்றி மாற்றி அணிவிப்பது என்று முடிவாயிற்று.

பைக்காரத் தாயாரும் கடைசி வரிசையில் இருந்தார். பலகையை அழிக்க நான் திரும்பியபோது, அவருக்கு முன்வரிசையில் இருந்த தந்தை ஒருவர் கையை உயர்த்தினார். "சார், இதே மாதிரி நம்ம கல்யாணச் செலவையும் எழுதிப் பாக்கலாமா?" என்றார். மண்டபம் முழுதும் சிரித்தது. சிரிப்பு அடங்கிய பின்னரும் அழிப்பானை வைத்துக்கொண்டு நின்றேன். எவரும் முதற்பொருளைச் சொல்ல முன்வரவில்லை.